அத்தியாயம் 6: நாற்காலி போட மட்டும் கூப்பிடாதீர்கள்

மாதவரத்தில் ஏதாவதொரு நலச் சங்கக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். ஆறு மணிக் கூட்டத்துக்கு ஐந்தரைக்கே நாலைந்து பையன்கள் வந்திருப்பார்கள். "தம்பி, அந்தச் சேரையெல்லாம் எடுத்துப் போடுப்பா" என்பார் ஒருவர். அவர்கள் போடுவார்கள். மைக்கைச் சரிபார்ப்பார்கள், தண்ணீர் கேன் தூக்கி வருவார்கள், வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் நினைவூட்டுவார்கள். கூட்டம் தொடங்கியதும் வாசலுக்குப் போய்விடுவார்கள். உள்ளே பேச அவர்களுக்கு இடம் வைக்கப்படவில்லை. வாசலில் நிற்பவர்களுக்கு இருபது வயது. தெருவில் வடியாத தண்ணீரில் தினமும் பைக் தள்ளுகிறவர்களும் அவர்கள்தான்.

இந்த அத்தியாயம் இரண்டு பேருக்காக எழுதப்படுகிறது. ஒருவர், வாசலில் நிற்கும் அந்த இளைஞர். இன்னொருவர், சங்கத் தலைவராகவோ ஆசிரியராகவோ கவுன்சிலராகவோ இருந்து அவரை உள்ளே கூப்பிட வேண்டியவர். இரண்டாமவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் முதலாமவர் உள்ளே வர முடியும். அதனால் சில இடங்களில் பெரியவர்களிடம்தான் கடுமையாகப் பேசப் போகிறேன்.

அவர்கள் பார்த்ததே இல்லை

இளைஞர்களுக்கு உள்ளாட்சியில் அக்கறை இல்லை என்று சொல்வதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2000ஆம் ஆண்டில் மாதவரத்தில் ஒரு பெண் பிறந்தாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய பதினோராவது வயதில், 2011இல், மாதவரம் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. மாதவரம் தனியாகப் போகவில்லை. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என்று 42 உள்ளாட்சிகள் ஒரே நேரத்தில் கரைந்தன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை 426 ஆனது. நடந்துபோய்ப் பேசக்கூடிய தூரத்தில் இருந்த நகராட்சி மன்றம் போய், சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வந்தது.

2016 அக்டோபரில் அந்த மன்றத்தின் காலமும் முடிந்தது. அடுத்த தேர்தல் நடக்கவில்லை. ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. அந்தப் பெண்ணுக்கு 16 வயதிலிருந்து 22 வயதுவரை, ஒரு மனிதருக்கு ஊர் விஷயம் மனதில் பதிகிற காலம் முழுவதும், தெருவுக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் கிடையாது. 2022 பிப்ரவரி 19 அன்றுதான் அவள் முதன்முதலாக ஒரு கவுன்சிலருக்கு ஓட்டுப் போட முடிந்தது. அன்று சென்னையில் ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு 44 பேர்கூட இல்லை. தமிழ்நாட்டின் நகரங்கள் அனைத்தையும் சேர்த்தால் வாக்குப்பதிவு 60 சதவீதம்.

அவளுடைய அம்மா பழைய சென்னை நகரத்துக்காரர் என்றால் அவர் காலம் இதைவிட மோசம். 1973இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றம் 1996 வரை திரும்பவில்லை. 23 ஆண்டு. சென்னைப் பழைய நகரத்தில் ஒரு முழுத் தலைமுறை கவுன்சிலரைப் பார்க்காமலே நடுவயதை எட்டியது. பார்க்காத ஒன்றில் அக்கறை எப்படி வரும்? ஆகவே முதல் வேலை அறிவுரை சொல்வதல்ல. கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவதுதான்.

எங்கே கூட்டிக்கொண்டு போவது

ரிப்பன் மாளிகைக்கு வேண்டாம். அது 1913இல் கட்டிய அழகான கட்டடம், ஒருநாள் பார்த்து வரலாம், அவ்வளவுதான். முதலில் வார்டு அலுவலகம். அதற்கு முன் ஒரு சின்ன வீட்டுப்பாடம்: வீட்டில் சொத்து வரி ரசீது இருக்கும், அதை எடுக்கச் சொல்லுங்கள். வரி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மண்டலம், அடுத்த மூன்று வார்டு. 03 என்று தொடங்கினால் மாதவரம் மண்டலம். 2022 தேர்தல் நடந்தபோது இந்த மண்டலத்தில் 22 முதல் 33 வரை பன்னிரண்டு வார்டுகள். தன் வார்டு எண்ணே தெரியாத பட்டதாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் குற்றமில்லை. பள்ளியில் குடியரசுத் தலைவர் தேர்தல் வரை சொல்லித்தருகிறோம், வார்டு எண்ணைக் கேட்பதில்லை.

அடுத்தது பகுதி சபை. கிராமங்களில் கிராம சபை இருப்பதுபோல் நகரத்தில் ஒன்று வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கைக்கு 2022 ஜூனில் விதிகள் வந்தன. அதே ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில், பம்மலில் முதல்வரே ஒரு பகுதி சபையில் உட்கார்ந்தார். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள மாநகராட்சியில் ஒரு வார்டைப் பத்துப் பகுதியாகப் பிரிக்கிறார்கள். அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லோருமே சபையின் உறுப்பினர்கள். பகுதிக்கு ஒரு பிரதிநிதி. இந்தப் பிரதிநிதிகள் சேர்ந்தது வார்டு குழு, அதன் தலைவர் கவுன்சிலர். பகுதி சபை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று நாளும் குறித்திருக்கிறார்கள்.

இதில் ஒரு இளைஞருக்கு என்ன லாபம்? 2011 கணக்கெடுப்புப்படி விரிவாக்கப்பட்ட சென்னையின் மக்கள்தொகை 66.7 லட்சம். 200 வார்டு. வகுத்தால் வார்டுக்கு 33 ஆயிரம், பகுதிக்கு மூவாயிரத்துச் சொச்சம். அதில் கூட்டத்துக்கு வருகிறவர்கள் சில டஜன் பேர்தான். அந்த அறையில் தெளிவாகப் பேசத் தெரிந்த ஐந்து பேர் சேர்ந்து போனால் அவர்கள் சொல்வது பதிவேட்டில் ஏறும். சட்டமன்றத் தொகுதி அளவில் ஐந்து பேருக்கு அந்தக் கனம் ஒருநாளும் கிடைக்காது.

மாதவரத்தின் விளிம்பில் வீடு உள்ளவர்கள் கவனிக்க: மாநகராட்சி எல்லை முடிகிற இடத்திலேயே புழல் ஒன்றியத்து ஊராட்சிகள் தொடங்குகின்றன. விளாங்காடுபாக்கம், கிராண்ட்லைன் பக்கம் இருப்பவர்களுக்குப் பகுதி சபை கிடையாது, கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை. ஒரே கல்லூரியில் படிக்கிற இரண்டு நண்பர்களில் ஒருவர் இதிலும் ஒருவர் அதிலும் இருக்கலாம். மாறி மாறிப் போய்ப் பார்த்தால் இரண்டுமே நன்றாகப் புரியும்.

ஒரே ஒரு காரியம்

இளைஞர்களைச் சேர்க்கும்போது எல்லோரும் செய்கிற பிழை, அவர்களிடம் ஊரையே திருத்தச் சொல்வது. குப்பை, போதை, நீர்நிலை, போக்குவரத்து எல்லாவற்றுக்கும் ஒரு குழு அமைப்பார்கள். இரண்டாவது மாதம் குழுவில் காலை வணக்கம் மட்டும் மிஞ்சும். ஒரு தெரு, ஒரு காரியம், ஓராண்டு என்று கொடுங்கள். அளக்கக்கூடிய காரியமாக, முடிந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதாக இருக்கட்டும்.

எனக்குப் பிடித்தது சாலை உயரம். மாதவரம், பொன்னியம்மன்மேடு, லட்சுமிபுரம் பக்கம் பழைய வீடுகளைப் பாருங்கள். வாசற்படி மூன்று இருந்த வீட்டில் இப்போது ஒன்றும் இல்லை, சில வீடுகளில் தெருவிலிருந்து உள்ளே இறங்கிப் போகிறார்கள். வீடு கீழே போகவில்லை, ரோட்டின் மேல் ரோடு போட்டே தெரு உயர்ந்திருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் கூடத்துக்கு வரும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதுசு போட வேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளர் எழுத்து மூலமாகவே உத்தரவிட்டார். மில்லிங் என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்வது இதைத்தான். உத்தரவு இருக்கிறது, தெருவில் யாராவது நின்று பார்த்தால்தான் அது நடக்கும்.

நாலு பேர் ஒரு சனிக்கிழமை காலை இதைச் செய்யலாம். டேப் ஒன்று, நோட்டு ஒன்று, போன் ஒன்று. இருபது வீட்டு வாசலில் தெரு மட்டத்திலிருந்து முதல் படியின் மேல் விளிம்புவரை அளந்து, டேப் தெரியும்படி படம் எடுங்கள். கதவு எண்ணோடு எழுதுங்கள். புது ரோடு போட்ட பிறகு அதே வீடுகளில் மறுபடி அளங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் பொறியாளருக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதுங்கள், இதை மறக்க வேண்டாம். மூன்று அங்குலம் குறைந்திருந்தால் உங்கள் கையில் இருப்பது வெறும் புகார் இல்லை, சாட்சி. "ரோடு உசந்துடுச்சு சார்" என்ற வாய்ப்பேச்சை யாரும் தட்டிவிடலாம். இருபது கதவு எண்ணையும் இருபது அளவையும் தட்டிவிட முடியாது.

இரண்டாவது நல்ல காரியம் மழைநீர் வடிகால். புழல் ஏரியின் உபரிநீர் எண்ணூர்ப் பக்கம் ஓடிக் கடலைச் சேர்கிற நிலம் இது, தாழ்வான நிலம். மாதவரம் உட்பட வடக்கு மண்டலங்களில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு கொசஸ்தலையாறு வடிநிலத் திட்டம் நடக்கிறது. பெரிய வடிகால் வந்தாலும் உங்கள் தெரு முனை வண்டல் தொட்டி அடைத்திருந்தால் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். ஆகஸ்டில் தெருவின் தொட்டிகளை எண்ணி, மூடி உடைந்தது எது, மண் நிறைந்தது எது, கழிவுநீர்க் குழாயைத் திருட்டுத்தனமாக இணைத்திருப்பது எங்கே என்று வரைபடம் போடுங்கள். செப்டம்பர் 15 பகுதி சபையில் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு ஒரு மாதம் இருக்கும். நவம்பரில் முழங்கால் தண்ணீரில் நின்று கொடுக்கிற மனுவால் அந்த ஆண்டு ஒன்றும் ஆகாது.

யார் வேலை எது

புதியவர்கள் சோர்ந்துபோவது இங்கேதான். சரியான புகாரைத் தவறான கதவில் தட்டுகிறார்கள். உள்தெருச் சாலை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், குப்பை, பூங்கா, மாநகராட்சிப் பள்ளி ஆகியவை மாநகராட்சி. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் மெட்ரோ வாட்டர். ஜி.என்.டி. சாலை நெடுஞ்சாலைத் துறை. ரெட்டேரி நீர்வளத் துறை. மின்கம்பி மின்வாரியம். மாதவரம் பால்பண்ணையிலிருந்து இரண்டு மெட்ரோ ரயில் வழித்தடங்கள் கிளம்புவதால் தோண்டிய சாலைகள் நிறைய. அவற்றில் பல மெட்ரோ ரயில் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும். மேன்ஹோல் மூடி வழிந்தால் மெட்ரோ வாட்டர், அதற்குப் பக்கத்திலேயே வடிகால் மூடி உடைந்தால் மாநகராட்சி. இரண்டும் வட்டமாகவோ சதுரமாகவோ ஒன்றுபோலத் தெரியும். சந்தேகம் இருந்தால் தெருவில் குப்பை எடுக்க வரும் அக்காவிடமும் வாட்டர் திறந்துவிட வருபவரிடமும் கேளுங்கள். எந்த இணையதளத்தைவிடவும் அவர்களுக்குத் தெரியும்.

மாநகராட்சி வேலையென்றால் முதலில் 1913 என்ற தொலைபேசி எண்ணை அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். அதற்குப் பிறகுதான் மனு. மனு ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. மாதிரி ஒன்று:

"பெறுநர்: உதவிப் பொறியாளர், வார்டு (எண்), மண்டலம் 3, பெருநகர சென்னை மாநகராட்சி.
ஐயா / அம்மா,
எங்கள் தெருவில் (பெயர்) 14 வண்டல் தொட்டிகள் உள்ளன. அவற்றில் 5 மண் நிறைந்து அடைத்துள்ளன, 2 தொட்டிகளுக்கு மூடி இல்லை. கதவு எண்களும் படங்களும் இணைப்பில். 1913இல் (நாள்) அன்று புகார் செய்தோம், புகார் எண் (...). அக்டோபர் முதல் வாரத்துக்குள் தூர்வாரி மூடி அமைத்துத் தரக் கேட்டுக்கொள்கிறோம். வேலை நடக்கும் நாளைத் தெரிவித்தால் தெருவாசிகள் வண்டிகளை அகற்றி ஒத்துழைப்போம்."

கடைசி வரியை விடாதீர்கள். அலுவலரும் நம் தெருவில் வண்டி நிற்பதால் இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போன அனுபவம் உள்ளவர்தான். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் முத்திரையும் நாளும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபால். முப்பது நாளில் ஒன்றும் நடக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பத்து ரூபாய்க் கட்டணம். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. "இந்தத் தெருவுக்குத் தூர்வாரும் பணி உத்தரவு எந்த நாளில், எவ்வளவு தொகைக்கு, அளவுப் புத்தகத்தின் நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

ஒப்பந்தக்காரர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் யாரும் தனியாகப் போக வேண்டாம். மூன்று பேர், அதில் ஒருவர் நாற்பது வயது தாண்டியவர். எல்லாம் எழுத்தில். தெருவில் நின்று வாக்குவாதம் செய்வதும் ஆள் முகத்துக்கு நேராக வீடியோ எடுப்பதும் தேவையில்லாத ஆபத்து.

பெரியவர்களுக்கு

கூட்ட நேரத்தை மாற்றுங்கள். அம்பத்தூரிலும் மணலியிலும் ஷிஃப்ட் பார்க்கிறவர், கிடங்கில் லோடு இறக்குகிறவர், டெலிவரி ஓட்டுகிறவர், பகுதி சபை காலை பதினோரு மணிக்கு என்றால் எப்படி வருவார்? மாலை ஏழு மணியாகவோ ஞாயிற்றுக்கிழமையாகவோ வைக்கக் கவுன்சிலரிடம் எழுதிக் கேளுங்கள். பெண்கள் வர வேண்டுமென்றால் எட்டரைக்குள் முடியுங்கள், வழியில் விளக்கு எரிகிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

சங்கத்தில் ஒரு பதவியைக் கொடுங்கள். "இளைஞர் அணிப் பொறுப்பாளர்" என்பது பதவி இல்லை. பொருளாளர், அல்லது தீர்மானப் புத்தகம் எழுதுகிறவர். பணமும் எழுத்தும் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சங்கத்தைக் கற்றுக்கொள்கிறார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2014இல் தன் பட்ஜெட்டில் பத்து லட்சம் டாலரை ஒதுக்கி, அதை எதற்குச் செலவிடலாம் என்று 12 முதல் 25 வயதுவரை உள்ளவர்களையே வாக்களிக்க வைத்தது. நம் சங்கத்தில் அவ்வளவு பணம் இல்லை. ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாயை அவர்களிடம் விடலாம். தவறு செய்வார்கள். கணக்குக் கேளுங்கள், பணத்தைத் திரும்பப் பிடுங்காதீர்கள்.

வீட்டில் அம்மா அப்பா பயப்படுவார்கள்: "நமக்கு எதுக்குப்பா கட்சிக்காரங்க சகவாசம்?" இந்தப் பயத்தை அலட்சியப்படுத்தக்கூடாது. முதல் சபைக்கு அம்மாவையும் கூட்டிவரச் சொல்லுங்கள். தண்ணீர், விளக்கு பற்றி அந்த வீட்டில் அதிகம் தெரிந்தவரும் அவர்தான். அதே நேரம், ஒரு இளைஞர் விரும்பி ஒரு கட்சியில் சேர்ந்தால் அதைக் குற்றமாகப் பார்க்காதீர்கள். இந்த நகரத்தில் மன்றம் கட்சிகளால்தான் நடக்கிறது. தெரு மனுவில் கட்சிப் பெயர் வரக்கூடாது, அது ஒன்றே நிபந்தனை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2022இல் சென்னையின் 200 வார்டுகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. உங்கள் கவுன்சிலர் பெண்ணாக இருந்தால் மனுவை அவர் கையில்தான் கொடுக்க வேண்டும், கணவரிடமோ அண்ணனிடமோ அல்ல. "அவங்க உள்ள வேலையா இருக்காங்க, என்கிட்ட சொல்லு தம்பி" என்றால், "பரவாயில்லைங்க, மேடம் வர்ற வரைக்கும் இருக்கோம்" என்று உட்காருங்கள். இருபது வயதுப் பெண்கள் நாலு பேர் இப்படி இரண்டு முறை உட்கார்ந்தால் மூன்றாவது முறை அவரே முன்வாசலுக்கு வருவார். அந்த நாலு பேரில் ஒருத்தி அப்போதுதான் தன்னையும் அந்த நாற்காலியில் வைத்து யோசிப்பாள்.

நிற்கலாமா?

நிற்கலாம். சட்டமன்றத்துக்கு 25 வயது வேண்டும், உள்ளாட்சிக்கு 21 போதும். 2022இல் சென்னையின் 98ஆவது வார்டில் 21 வயதுப் பிரியதர்ஷினி மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி சார்பில் வென்றார். 74ஆவது வார்டில் வென்ற பிரியா முப்பது வயதுக்குள் மேயர் ஆனார், சென்னையின் முதல் தலித் பெண் மேயர். தென்காசி மாவட்டத்தில் வெங்காடம்பட்டி ஊராட்சிக்கு 2021இல் சாருகலா தலைவரானபோது அவர் அப்போதுதான் பொறியியல் படித்து முடித்தவர்.

2022 தேர்தலில் மாநகராட்சிக் கவுன்சிலர் பதவிக்கு டெபாசிட் 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. சென்னையில் வேட்பாளர் செலவு செய்யக்கூடிய உச்சவரம்பு 90 ஆயிரம். கணக்கைத் தேர்தல் முடிந்து 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். அடுத்த முறை தொகை மாறலாம், மாநிலத் தேர்தல் ஆணைய அறிவிப்பைப் பாருங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர் நிற்கவும் முடியாது, பகுதி சபையில் உறுப்பினராகவும் முடியாது. ஆகவே 18 வயதைத் தொட்டவர்கள் முதலில் படிவம் 6 நிரப்பட்டும். 17 முடிந்தவர்களே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள்தான் தகுதி நாட்கள்.

தேர்தலுக்கு ஆறு மாதம் இருக்கும்போது ஆரம்பிப்பவர்களை நான் நம்புவதில்லை. வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோதுதான், 1920இல், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் மாநகராட்சியில் உறுப்பினராக இருந்தவர். ஏழைப் பிள்ளைகள் பசியால் பள்ளிக்கு வராமல் போவதை உள்ளே இருந்து பார்த்தவருக்குத்தான் அப்படி ஒரு தீர்மானம் தோன்றும். இரண்டு மழைக்காலம் தெருத் தொட்டிகளை எண்ணியவர் நிற்கட்டும்.

நோட்டுப் புத்தகம்

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். இந்த வயதுக்காரர்கள் போய்விடுவார்கள். வேலை கிடைத்துச் சிறுசேரிக்கோ ஓசூருக்கோ போவார்கள், பெண்களுக்குத் திருமணமாகும், வாடகை வீடு மாறும். ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க நேர்ந்தால் யாரும் தாங்கமாட்டார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள், போனில் வேண்டாம். இடப்பக்கம் நாள், மனு, புகார் எண், யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார். வலப்பக்கம் என்ன நடந்தது. தெரு வரைபடமும் வாசற்படி அளவுகளும் பின்பக்கம். முதல் பக்கத்தில் நோட்டை வைத்திருப்பவரின் பெயரும், அவருக்குப் பிறகு வாங்கிக்கொள்ளப் போகிறவரின் பெயரும் இருக்கட்டும். அந்த இரண்டாவது ஆள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறவராக இருந்தால் மிகவும் நல்லது. அடுத்த பகுதி சபைக்கு அவரையும் அழைத்துப் போங்கள், நோட்டை அவர் கையில் கொடுத்து.